வஸ்வாஸும் வைத்தியமும்: அரசாங்கச் சுகாதாரப் பணியில் மனோதத்துவ நிபுணரின் இடம்



அல்லாஹ்வின் திருநாமம் போற்றி இம்மாதப் பாடத்தை ஆரம்பிக்கிறோம். இப்பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது, நம்மவர் பலர் வாய்விட்டுப் பேசக் கூசும் ஒரு விஷயம். சர்க்கரை வியாதி என்றால் கடைவாசலில் நின்று ஒருவருக்கொருவர் மருந்து சொல்லிக்கொள்கிறோம். இரத்தக் கொதிப்பு என்றால் எந்த டாக்டர் நல்லவர் என்று விசாரிக்கிறோம். மனத்தில் ஒரு நோவு வந்தால் மட்டும் அதைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் பூட்டி வைத்துவிடுகிறோம். பூட்டி வைத்த சரக்கு கெட்டுப்போகும் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததன்று.

1. ஒரு கடைக்காரரின் மாலைப்பொழுது

நம் கடைத்தெருக்கள் எதிலும் காணக்கூடிய ஒருவரை மனத்தில் கொள்வோம். ஐம்பது வயது. மளிகைக் கடை. கொடுக்கல் வாங்கலில் நேர்மையானவர் என்று மொத்த வியாபாரிகளிடத்தில் நல்ல பெயர். இரவு கடையடைக்கும் நேரத்தில் இரும்புக் கதவை இறக்கிப் பூட்டுகிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிறார். நாலடி நடந்ததும், “சரியாகப் பூட்டினோமா?” என்று ஓர் எண்ணம். திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறார். ரயில் நிலையம் வரை போய்விட்டு மறுபடியும் திரும்புகிறார்.

“அத்தா, நான்தானே பக்கத்தில் நின்றேன், நீங்கள் பூட்டியதைப் பார்த்தேனே” என்கிறான் மகன்.

“நன்றாகப் பார்த்தாயா தம்பி? சத்தியமாகப் பார்த்தாயா?”

இதே மனிதர் சுபுஹுக்கு ஒளு எடுக்க உட்கார்ந்தால் அரைமணி நேரம் ஆகிறது. முழங்கை நனைந்ததா என்ற சந்தேகம். மீண்டும் முதலிலிருந்து கழுவுகிறார். ஜமாஅத் முடிந்துவிடுகிறது. கைத்தோல் வெடித்துக் கிடக்கிறது. வீட்டிலுள்ளவர்கள் முதலில், “மார்க்கப் பேணுதல் உள்ளவர்” என்று பெருமைப்பட்டார்கள்; பிறகு சலித்துக்கொண்டார்கள்; இப்போது பயப்படுகிறார்கள். அவரோ யாரிடமும் சொல்வதில்லை. “பைத்தியம் என்று பெயர் வந்தால் எவன் கடனுக்குச் சரக்குக் கொடுப்பான்? பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வரும்?” என்பது அவருடைய கவலை.

இவரைப்போல் ஒருவரும் இல்லை என்று எண்ணிவிடவேண்டாம். சிங்கப்பூரில் 2016-ஆம் வருஷம் மனநலக் கழகம் நடத்திய நாடளாவிய ஆய்வில், ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருதடவையேனும் மனநோய் ஏதேனும் ஒன்று வந்திருப்பதாகக் கண்டார்கள். நாம் மேலே சொன்ன நோய், மனம் ஒரே எண்ணத்தைச் சுழற்றி ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் நோய், 28 பேரில் ஒருவருக்கு இருந்தது. அந்த நோயாளிகள் வைத்திய உதவியை நாட எடுத்துக்கொண்ட காலம் நடுமதிப்பில் 11 வருஷம்! பிள்ளை பள்ளியில் சேர்ந்து பெரியவனாகும் அளவு காலம் ஒருவர் தனியாக இந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறார் என்றால், அது நோயின் கொடுமை மட்டுமன்று. நம்முடைய அறியாமையின் கொடுமையுமாகும்.

2. இது நமக்குப் புதிய கல்வியா?

“மார்க்கத்தில் உள்ளவனுக்கு மனநோய் ஏது? ஈமான் குறைந்தவனுக்கன்றோ இவையெல்லாம்?” என்று கேட்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். இக்கேள்விக்கு நம் முன்னோர் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே விடை சொல்லிவிட்டார்கள்.

இன்றைய ஆப்கானிஸ்தானத்தில் உள்ள பல்கு நகரத்தின் பக்கத்தில் பிறந்தவர் அபூ ஸைது அல்பல்கீ. கி.பி. 934-இல் மறைந்தவர். அவர் எழுதிய மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ் என்னும் நூல் இரண்டு பாகம் கொண்டது. ஒன்று உடலின் நலத்தைப் பற்றியது. மற்றொன்று உள்ளத்தின் நலத்தைப் பற்றியது. உடலுக்கு நோய் வருவதைப் போலவே உள்ளத்துக்கும் நோய் வரும் என்றும், உடலுக்கு வைத்தியம் செய்வோர் உள்ளத்தை மறந்துவிடுகிறார்கள் என்றும் அவர் குறைப்பட்டுக்கொண்டார். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்ந்தார். வஸ்வாஸ் உள்ளவர் தனிமையில் கிடக்கலாகாது என்று புத்தி சொன்னார். திடீரென்று உடல் நோவு வந்தால் உதவுமென்று வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கவேண்டும் என்பதும் அவருடைய போதனை.

இந்த நூலின் உள்ளப் பகுதியை ஆங்கிலத்தில் 2013-இல் தந்தவர் மாலிக் பத்ரி என்ற சூடான் நாட்டு மனோதத்துவ அறிஞர். மலேசியாவின் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, 2021-இல் கோலாலம்பூரில் காலமானார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய பெரிய ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. நோயாளிக்கு வைத்தியம் செய்வது சமூகத்தின் கடமை, அதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாம் என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதன்று.

நோய்க்கு மருந்து தேடுங்கள் என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதில் உடல்நோய் மட்டும் என்று வரம்பு கட்டியது நாம்தான்.

3. மனோதத்துவ நிபுணர் யார்?

ஆங்கிலத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படுபவரை இங்கே மனோதத்துவ நிபுணர் என்கிறோம். இக்காலத்துப் பத்திரிகைகள் மருத்துவ உளவியலாளர் என்று எழுதும். இவரையும் மனநல டாக்டரையும் ஒருவராக எண்ணிக் குழம்புவோர் பலர்.

மனநல டாக்டர் முதலில் வைத்தியக் கல்வி கற்று, பின்னர் மனநோயில் தேர்ச்சி பெற்றவர். மருந்து எழுதிக்கொடுப்பவர் அவரே. மனோதத்துவ நிபுணரோ மனம் இயங்கும் விதத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்று, அதற்குமேல் முதுநிலைப் பட்டம் பெற்று, ஆஸ்பத்திரிகளில் மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளிடம் பயிற்சி பெற்றவர். நம் நாடுகளில் இவர் மருந்து எழுதுவதில்லை. பேச்சும் பரிசோதனையும் பயிற்சியுமே இவருடைய கருவிகள்.

இவர் குறிசொல்பவர் அல்லர். மனத்தைப் படித்துச் சொல்பவர் அல்லர். வெறுமனே ஆறுதல் கூறி அனுப்புபவரும் அல்லர்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இவருக்கு மூன்று பெரிய வேலைகள் உண்டு. முதலாவது மதிப்பிடுதல்: நோய் இன்னதென்றும், எவ்வளவு கடுமை என்றும் விசாரணையாலும் வினாத்தாள்களாலும் கண்டறிவது. பக்கவாதம் வந்தவரின் ஞாபகசக்தி எவ்வளவு பாதிக்கப்பட்டது, பிள்ளைக்குப் படிப்பு ஏறாததற்குக் காரணம் என்ன என்பனவற்றையும் இவரே சோதிக்கிறார். இரண்டாவது காரணம் காணுதல்: இந்த நோய் இந்த மனிதருக்கு எப்படி வந்தது, எது அதை விடாமல் வைத்திருக்கிறது என்று அவருக்கே விளங்கும்படி எடுத்துரைப்பது. மூன்றாவது சிகிச்சை. இவற்றோடு டாக்டர், தாதி, சமூகநல ஊழியர் ஆகியோருக்கும் ஆலோசனை கூறுகிறார். புற்றுநோய், தீராத வலி, சர்க்கரை வியாதி உள்ள நோயாளிகள் மனம் தளராமல் வைத்தியத்தைத் தொடர்வதற்கும் துணைநிற்கிறார்.

4. இப்பணி வளர்ந்த வரலாறு

1896-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் முதல் மனோதத்துவ மருந்தகத்தைத் திறந்தார். எழுத்துக் கூட்டத் தெரியாமல் தவித்த ஒரு பையனே அவரிடம் வந்த முதல் நோயாளி.

பிரிட்டனில் 1948 ஜூலை 5-ஆம் தேதி தேசியச் சுகாதாரப் பணி தொடங்கியது. ஏழை, பணக்காரன் என்ற பேதமின்றி எல்லாருக்கும் வைத்தியம் என்பது அதன் கொள்கை. ஆரம்பத்தில் அதிலிருந்த மனோதத்துவ நிபுணர்கள் பெரும்பாலும் டாக்டர் கேட்ட பரிசோதனைகளைச் செய்து கொடுத்துவந்தார்கள். போகப்போக அவர்களே சிகிச்சை அளிப்பவர்களாகவும் ஆனார்கள்.

நம் கடைக்காரரின் நோய்க்கு வழி பிறந்ததும் அப்படித்தான். 1966-இல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய விக்டர் மேயர் என்ற மனோதத்துவ நிபுணர், பல வருஷங்களாக இந்நோயால் அவதிப்பட்ட இரண்டு நோயாளிகளுக்குப் புதிய முறையில் சிகிச்சை செய்து அதை வெளியிட்டார். அஞ்சும் பொருளை நேருக்கு நேர் அணுகச் செய்வது, ஆனால் அதன்பின் கழுவவோ சரிபார்க்கவோ விடாமல் தாங்கச் செய்வது என்பதே அம்முறை. அதுவரை தீராத நோய் என்று கைவிடப்பட்டதற்கு அது ஒரு கதவைத் திறந்தது. இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சையாக அதுவே கையாளப்படுகிறது.

சிங்கப்பூரில் 1928-இல் மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1951-இல் அது உட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. முதல் மனோதத்துவ நிபுணர் அங்கே 1956-இல் அமர்த்தப்பட்டார். 1993-இல் அந்த ஆஸ்பத்திரி புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம் ஆயிற்று. மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி 1911-இல் திறக்கப்பட்டது. இன்று ஹாஸ்பிட்டல் பஹாகியா என்று வழங்குகிறது. இவ்வூர்ப் பெயர்களைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அந்தக் கேலிதான் இன்றும் நோயாளிகளை வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறது.

5. எந்த வாசல் வழியே செல்வது?

மனநோய் என்றாலே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதில்லை. சிங்கப்பூரில் முதல் வாசல் பலதுறை மருந்தகம், அல்லது நம் பேட்டையிலுள்ள குடும்ப டாக்டர். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை ஆகியவற்றுக்குத் தைராய்டு, இருதயம் போன்ற உடற்காரணங்கள் உண்டா என்று அவர் முதலில் பார்ப்பார். தேவையானால் மனோதத்துவ நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார். பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு செல்லும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிறப்பு மருந்தகத்தில் அரசாங்க உதவிக் கட்டணம் கிடைக்கும். மனச்சோர்வு, பதற்றநோய் முதலியவற்றின் செலவுக்கு மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்த இடமுண்டு. எவ்வளவு என்பதை மருந்தகத்திலேயே கேட்டறிக.

2023 அக்டோபரில் சிங்கப்பூர் அரசாங்கம் தேசிய மனநலத் திட்டத்தை வெளியிட்டது. நோயின் கடுமைக்குத் தக்கபடி நான்கு படிகளாக உதவியை வகுத்தது. அரசாங்கத் துறையிலுள்ள மனோதத்துவ நிபுணர்களை 2030-க்குள் ஏறக்குறைய 40 விழுக்காடு கூட்டி 300 பேராக்குவது என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. நாடு முழுமைக்கும் இத்தொகை அதிகமன்று. காத்திருக்க நேரலாம். ஆகவேதான் முற்றிய பிறகு ஓடாமல் முன்னதாகச் செல்லவேண்டும் என்கிறோம்.

2025-இல் தொடங்கிய 1771 என்ற தேசியத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் பேசலாம். மலேசியாவில் அரசாங்கச் சுகாதார நிலையமே முதல் வாசல். மெந்தாரி என்னும் சமூக மனநல நிலையங்களும் உண்டு. 15555 என்ற எண்ணும் உண்டு. அங்கே 2016-ஆம் வருஷத்து 774-ஆம் சட்டம் மருத்துவ மனோதத்துவர்களைப் பதிவுக்குரிய தொழிலினராக வகுத்திருக்கிறது. பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், படித்த படிப்பையும் பதிவையும் விசாரிப்பது நம் உரிமை. சரக்கு வாங்கும்போது முத்திரை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டுமா?

6. அறைக்குள்ளே என்ன நடக்கும்?

நம் கடைக்காரர் துணிந்து சென்றார் என்று வைத்துக்கொள்வோம். கட்டில் இல்லை, ஊசி இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. நிபுணர் முதல்நாள் நெடுநேரம் கேள்வி கேட்டு அறிந்துகொள்கிறார். பிறகு ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, தினமும் கணக்கு எழுதும்படி சொல்கிறார். எந்த நேரத்தில் சந்தேகம் வந்தது? பயம் நூற்றுக்கு எவ்வளவு? என்ன செய்தார்? எத்தனை நிமிஷம் போயிற்று? பேரேடு எழுதிப் பழகிய நமக்கு இது கடினமான வேலையா? ஒரு வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, தினம் மூன்று மணி நேரம் இந்நோய்க்குக் கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அப்புறம் நிபுணர் விளக்குகிறார்: “ஒவ்வொரு தடவை நீங்கள் பூட்டை இழுத்துப் பார்க்கும்போதும் பயம் கொஞ்சம் தணிகிறது. அதனால் அடுத்த தடவையும் இழுக்கச் சொல்கிறது. உங்கள் மகன், ‘பூட்டினீர்கள்’ என்று உறுதி சொல்வதும் அப்படியே.”

இதை நம் பாஷையில் சொன்னால், வட்டி கட்டிக்கொண்டே இருப்பதாகும். எவ்வளவு கட்டினாலும் முதல் குறைவதில்லை. வட்டியை விலக்கி வாழ விரும்பும் நாம் இந்த வட்டியை மட்டும் ஏன் கட்டவேண்டும்?

சிகிச்சை படிப்படியாக நடக்கிறது. குறைந்த பயம் தருவது முதல் அதிக பயம் தருவது வரை ஒரு பட்டியல் போடுகிறார்கள். முதலில் வீட்டு அலமாரியை ஒரேமுறை பூட்டிவிட்டு விலகுவது. பிறகு வீட்டுக் கதவு. கடைசியில் கடை. ஒருமுறை பூட்டினார், நடந்தார், திரும்பவில்லை. பயம் எண்பதுக்கு ஏறியது. நெஞ்சு அடித்தது. மகனிடம் கேட்கவில்லை, மகனும் சொல்லவில்லை. வீடு சேர்வதற்குள் பயம் ஐம்பதாயிற்று. மறுவாரம் முப்பது. சில நாள் பயம் இறங்காமலே இருந்தது. அப்படியிருந்தும், சந்தேகத்தைச் சுமந்துகொண்டே சோறு உண்ணலாம், உறங்கலாம் என்று மனம் கற்றுக்கொண்டது. அதுவே குணத்தின் ஆரம்பம்.

ஒளு விஷயத்தில் அவர் தம் ஆலிமிடம் சென்று எல்லையைக் கேட்டுக்கொண்டார். மூன்று முறை கழுவுவது சுன்னத்து. அதற்குமேல் கழுவுவது வெறுக்கத்தக்கது. உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹுக் கலையின் பெரிய விதிகளில் ஒன்று. ஆலிம் எல்லையைக் காட்டினார். அந்த எல்லையில் நிற்கும் பலத்தை நிபுணரின் பயிற்சி கொடுத்தது. இருவர் வேலையும் ஒன்றையொன்று தடுப்பதன்று.

இத்தகைய சிகிச்சை வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் நடக்கும். கடுமையானவர்களுக்கு மனநல டாக்டரின் மருந்தும் சேர்ந்தே தேவைப்படும். மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. எல்லாருக்கும் முழுக்குணம் என்று நாம் வாக்குக் கொடுக்க மாட்டோம். ஆனால் ஜமாஅத்துக்கு நேரத்தில் போய்ச் சேரும் அளவு தேறுபவர்கள் பலர்.

7. சில ஐயங்கள்

“சொன்ன இரகசியம் வெளியே போகாதா?” போகாது. நோயாளியின் சம்மதமின்றி வெளியிடலாகாது என்பது அத்தொழிலின் ஒழுக்கம். உயிருக்கு ஆபத்து போன்ற சில சந்தர்ப்பங்கள் விதிவிலக்கு.

“ஓதிப் பார்ப்பது போதாதா?” துஆவும் ஓதுதலும் முஃமினின் பலம். அதை யாரும் கைவிடச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆனால் பயத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்களிடம் கடைவருமானத்தைக் கொட்டுவது துஆவும் அன்று, வைத்தியமும் அன்று.

“வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால்?” அதைப் பாவம் என்று அதட்டி வாயடைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தனியே விடாதீர்கள். சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணை அழையுங்கள். ஆபத்து உடனடியானால் 995. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 முதல் குற்றமன்று. மலேசியாவிலும் 2023-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து மறைக்கவேண்டிய அவசியமில்லை.

8. நினைவிற்கொள்ள வேண்டியவை

ஒன்று: மனநோயும் நோயே, ஈமானின் குறைவு அன்று.

இரண்டு: ஒரே எண்ணமோ செய்கையோ தினம் ஒரு மணி நேரத்துக்குமேல் தின்றுவிட்டால், அல்லது வியாபாரத்தையும் வணக்கத்தையும் குடும்பத்தையும் கெடுத்தால், டாக்டரிடம் செல்லும் காலம் வந்துவிட்டது.

மூன்று: முதல் வாசல் குடும்ப டாக்டரும் பலதுறை மருந்தகமும். மனோதத்துவ நிபுணரைக் காண அவர்களிடம் கேளுங்கள்.

நான்கு: நோயாளியை இடித்துரைக்காதீர்கள், ஓயாமல் உறுதி கூறியும் நோயை வளர்க்காதீர்கள். கூடவே சென்று, வெளியே காத்திருந்து, அழைத்து வாருங்கள்.

சகோதரர்களே! நம் வரிப்பணத்தில் நடப்பது அரசாங்கச் சுகாதாரப் பணி. அதில் நமக்கென்றும் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. பதினொரு வருஷம் அது காலியாகக் கிடக்கவேண்டியதில்லை. இன்றிரவு கடையடைக்கும்போது, பூட்டருகில் தயங்கி நிற்கும் ஒருவரைக் கண்டால் சிரிக்காதீர்கள். “மச்சான், வாருங்கள், நாளைக்கு நானும் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். அதுவும் ஒரு தர்மமே.

நோயுற்ற உள்ளங்களுக்கு அல்லாஹுத்தஆலா ஷிஃபாவையும் அமைதியையும் அளிப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.